வாளியா, குழாயா, ஆர்.ஓ.வா: ஐந்நூறு துளை போடும் மேப்பிள் குடும்பத்தின் கணக்கு

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலும் எல்லைக்கு அப்பால் கனடாவின் கியூபெக்கிலும், இரவில் உறைந்து பகலில் உருகும் சில வாரங்களை நம்பியே மேப்பிள் பாகு காய்ச்சுகிறார்கள். பிப்ரவரி இறுதியில் தொடங்கினால் ஏப்ரலில் முடிந்துவிடும். மரத்திலிருந்து வடியும் சாறு பார்வைக்கு வெறும் தண்ணீர். அதில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். 40 லிட்டருக்கு மேல் காய்ச்சிச் சுண்டவைத்தால்தான் ஒரு லிட்டர் பாகு தேறும். எந்தக் கருவி வாங்குவது என்ற எல்லா வாக்குவாதத்துக்கும் வேர் இந்த விகிதம்தான்.

சாறு வடிக்க மேப்பிள் மரங்களில் ஐந்நூறு துளை போடும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூலிக்கு ஆள் வைக்கும் அளவுக்கு வருமானம் இல்லை. பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, வேலை அத்தனை. ஆயிரக்கணக்கான துளைகள் உள்ளவர் எல்லா இயந்திரத்தையும் வாங்கிவிடுவார். பத்து மரம் வைத்திருப்பவருக்கு எதுவுமே வேண்டாம். நடுவில் இருப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

வாளியில் தொடங்கலாம். மரத்தில் துளையிட்டு, சிறு மூக்குக்குழாயைச் செருகி, மூடியோடு வாளியைத் தொங்கவிட வேண்டும். முதலீடு குறைவு. பழைய வாளிகளும் கிடைக்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்தவற்றை மட்டும் வாங்கவே கூடாது. ஒரு துளைக்கு ஒரு பருவத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர் பாகு என்பது வாளிக்காரர்களின் வழக்கமான கணக்கு. ஐந்நூறு துளைக்கு 20,000 லிட்டர் சாறு, அதாவது 20 டன். அவ்வளவையும் முழங்கால் அளவு பனியில் நடந்து, கையால் தூக்கி, தொட்டியில் ஊற்ற வேண்டும். வாளி தொங்கும் காடு வருகிறவர்களின் கண்ணுக்கு அழகு. தூக்குகிறவரின் முதுகுக்கு அப்படியில்லை. கொட்டகை வாசலில் நாலைந்து மரங்களில் அழகுக்குத் தொங்கட்டும், அதோடு போதும்.

குழாய் போட்டால் சாறு சரிவில் தானே இறங்கித் தொட்டிக்கு வந்துவிடும். வெற்றிட பம்பும் சேர்த்துக் கசிவில்லாமல் பராமரித்தால் விளைச்சல் இரட்டிப்பாகும் என்பதும் உண்மை. ஆனால் பம்புக்கு மின்சாரம் வேண்டும். அணில் குழாயைக் கடித்து வைக்கும், கிளை முறிந்து விழும். சிறு ஓட்டை போதும், அந்த வரிசையின் இழுவிசையே குறைந்துவிடும். எனவே குழாய்க்காரரும் தினமும் காட்டில் நடந்துகொண்டுதான் இருப்பார், வாளிக்குப் பதில் கையில் ஒட்டுப்போடும் கருவி இருக்கும்.

பம்பு இல்லாமலும் ஒரு வழி உண்டு. வழக்கமான 5/16 அங்குலத்துக்குப் பதிலாக 3/16 அங்குல மெல்லிய குழாயைச் செங்குத்தான சரிவில் இறக்கினால், உள்ளே நிரம்பிய சாற்றின் எடையே மேலிருப்பதை இழுக்கும். பத்து மீட்டர் இறக்கம் இருந்தால் பம்பு தரும் இழுவிசைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ஓரிரு ஆண்டில் மூக்குக்குழாய்களிலும் இணைப்புகளிலும் அழுக்கு அடைத்துக்கொள்வது இதன் குறை. என்றாலும் மலைச்சரிவில் காடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சமதளக் காடு என்றால் பேச்சே வேறு, பம்பு வாங்காமல் தீராது.

சாறு தொட்டிக்கு வந்த பிறகுதான் உண்மையான சண்டை. மணிக்கு 200 லிட்டர் நீரை ஆவியாக்கும் விறகடுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20,000 லிட்டருக்கு நூறு மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டும். சாற்றை நாள்கணக்கில் சேர்த்து வைக்கவும் முடியாது. வெயில் ஏற ஏற நுண்ணுயிர் பெருகிக் கெட்டுப்போகும். வேலைக்குப் போய்வந்து மாலை ஆறு மணிக்கு அடுப்பு மூட்டுகிறவர் நள்ளிரவு வரை விறகு தள்ளிக்கொண்டிருப்பார்.

ஆர்.ஓ. இந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் ஆர்.ஓ.வில் வடிந்த தண்ணீரைக் குடித்து, மிச்சத்தைக் கொட்டுகிறோம். இங்கே தண்ணீர் கழிவு, மிச்சம்தான் சரக்கு. 2 சதவீதச் சாற்றை 8 சதவீதம் ஆக்கினால் நாலில் மூன்று பங்கு நீர் அடுப்பைத் தொடாமலே போய்விடும். நூறு மணி நேரம் இருபத்தைந்தாகும்; விறகும் அதே அளவுக்கு மிச்சம்.

நீண்ட நேரம் காய்ந்தால்தான் ருசி வரும், ஆர்.ஓ. பாகு சப்பென்றிருக்கும் என்று பழையவர்கள் சொல்வார்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் ஆய்வு மையத்தில் ஒரே சாற்றை இரண்டு விதமாகவும் காய்ச்சிப் பார்த்தார்கள்; சுவையில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு தெரியவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ஆர்.ஓ.வில் நீரைப் பிரிக்கும் சவ்வு உறைந்துவிடக் கூடாது என்பதால் இயந்திரத்துக்குக் கதகதப்பான அறை வேண்டும், ஒவ்வொரு முறையும் கழுவவும் வேண்டும். அடர்ந்த சாறு சீக்கிரம் பதத்துக்கு வந்துவிடும். நீரின் கொதிநிலையைவிட ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ் கூடியதும் இறக்காவிட்டால் காய்ச்சும் தட்டு கருகும். இவற்றைச் சொல்லியும் என் ஓட்டு ஆர்.ஓ.வுக்குத்தான். வெற்றிட பம்புக்கும் முன்னால் இதை வாங்க வேண்டும். சாற்றை இரட்டிப்பாக்கிவிட்டுக் காய்ச்ச நேரமில்லாமல் கொட்டுவதில் என்ன லாபம்?

விற்பனையில் ஊரைப் பொறுத்துப் பதில் மாறும். கியூபெக்கில் மொத்த விற்பனை முழுதும் உற்பத்தியாளர் சங்கத்தின் வழியாகத்தான். யார் எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்ற ஒதுக்கீடும் 2004 முதல் உண்டு. விலை சரியாது, ஆனால் நினைத்தபடி துளைகளைக் கூட்ட முடியாது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த கலன்களை மட்டும் நுகர்வோருக்கு நேரடியாக விற்கலாம். வெர்மான்ட்டில் ஒதுக்கீடு இல்லை. விளைச்சல் பெருகிய ஆண்டில் மொத்த விலை சரிந்தால் தாங்கிப் பிடிக்கவும் ஆளில்லை.

பீப்பாயில் விற்பதைவிடப் புட்டியில் விற்றால் ஏறக்குறைய இரு மடங்கு கிடைக்கும். அதற்கு விலையாக வடிகட்டுவது, ஒட்டுச்சீட்டு, சந்தையில் கடை போடுவது என்று ஆண்டு முழுவதும் வேலை. ஐந்நூறு துளையில் தேறும் பாகைப் பீப்பாய் விலைக்குக் கொடுத்தால் இயந்திரக் கடனே அடையாது, எனவே நல்ல பாகு புட்டிக்கே போக வேண்டும். பருவக் கடைசியில் மொட்டு விரியத் தொடங்கியதும் வரும் சாற்றில் ஒரு கெட்ட வாடை ஏறும். அதில் காய்ச்சியது எந்தப் புட்டிக்கும் ஆகாது. உணவுத் தொழிற்சாலைக்குப் பீப்பாயில் போகட்டும்.