கடற்காற்றடிக்கும் வீட்டில் மரப்பசை: நீண்டகாலப் பாவனையின் பின்

வெள்ளவத்தையில் கடலுக்கு அண்மையில் இருக்கும் எங்கள் வீட்டின் புத்தக அலுமாரி, குசினி ராக்கை, பல்கனி வாங்கு ஆகியவற்றை நானே செய்து பல வருடங்களாகப் பாவித்து வருகிறேன். எந்தப் பசை பலமானது என்று பலர் கேட்கிறார்கள். பொருத்து எவ்வளவு நனையும் என்பதே முதலில் கேட்க வேண்டியது.

மஹோகனி அலுமாரிக்குப் பாவித்தது, பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் சாதாரண வெள்ளை பைண்டர் கம் மட்டுமே. அது இன்றுவரை ஒரு பொருத்திலும் விடவில்லை. மிஞ்சிய துண்டுகளை அதே பசையால் ஒட்டி, மறுநாள் சுத்தியலால் அடித்துப் பார்த்தபோது, ஒட்டிய கோடு அப்படியே இருக்க, அதற்குப் பக்கத்து மரநார்தான் பிய்ந்து வந்தது. நனையாத தளபாடத்துக்கு இதைவிட விலை கூடிய பசை வீண் செலவு என்பதே என் அபிப்பிராயம்.

குசினித் தொட்டியின் கீழுள்ள ராக்கைக்கு அது போதாது. லேபிளில் பெரிதாக அச்சிடும் 'வோட்டர்புரூஃப்' என்ற சொல்லை நான் பொருட்படுத்துவதில்லை, ஈ.என். 204 என்ற ஐரோப்பிய தரநிலையின் டி1 முதல் டி4 வரையான நீர்தாங்கும் வகுப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். டி3 பசை நான்கு நாட்கள் குளிர்நீரில் ஊறிய பின்னரும் சதுர மில்லிமீற்றருக்கு 2 நியூட்டன் தாங்க வேண்டும். டி4 பசையோ அதே ஊறலின் பின் 4 நியூட்டனைத் தாங்குவதோடு, ஆறு மணி நேரம் கொதிநீரில் கிடந்து ஆறிய பின்னரும் அதே அளவைத் தாங்க வேண்டும். ராக்கைக்கு டி3 போதுமாக இருந்தது. வெளியில் வைப்பதற்கு டி4 வாங்கினாலும், மேலே வார்னிஷ் பூசாமல் விடக்கூடாது.

பல்கனி வாங்கு தேக்கு. அதன் எண்ணெய்த்தன்மை பசையைப் பிடிக்க விடாது என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிற்றோன் தோய்த்த சீலையால் துடைத்துவிட்டு, இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபொக்சி பசையைப் பாவித்தேன். கழுந்துக்கும் துளைக்கும் இடையில் சிறிய இடைவெளி இருந்தாலும் எபொக்சி அதைப் பலத்தோடு நிரப்பும். ஈரத்தில் இறுகும் பொலியூரித்தேன் பசையும் நுரைத்து இடைவெளியை நிரப்புவதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அந்த நுரைக்குப் பலமே இல்லை. கையில் பட்டால் நாட்கணக்கில் போகாத கறையும் மிச்சம்.

கொழும்பு வெக்கையில், அதுவும் மின்விசிறியின் கீழ், பைண்டர் கம் விரைவில் தோல் கட்டிவிடும். ஆகவே கிளாம்புகளை முன்கூட்டியே திறந்து வைத்து, பசையில்லாமல் ஒரு தடவை பொருத்திப் பார்த்த பின்னரே பூசத் தொடங்குகிறேன். கிளாம்பை இறுக்கும்போது கோடு நெடுகப் பருக்கைகளாகப் பசை பிதுங்கினால் அளவு சரி. அதை அரைகுறையாகத் துடைத்துவிட்டால், வார்னிஷ் அடித்ததும் அந்த இடம் வெளிறித் தெரியும். சற்று இறுகவிட்டு உளியால் செதுக்கி எடுப்பதே நல்லது. ஒரு மணி நேரத்தில் கிளாம்பைக் கழற்றலாம், ஆனால் முழுப் பலம் வர ஒரு நாள் விட வேண்டும்.

பொலியூரித்தேன் வாங்கத்தான் வேண்டுமென்றால் மிகச் சிறிய போத்தலாக வாங்குங்கள். ஒருமுறை திறந்துவிட்டால் இந்த ஊர்க் காற்றின் ஈரமே உள்ளே புகுந்து மிச்சத்தைக் கல்லாக்கிவிடும்.