மாநாட்டுத் தேர்வும் முதல்நிலைத் தேர்தலும்

1924இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூடிய அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாடு, மாநிலத் தலைவர்களின் பேரங்கள் இழுபட்டு இழுபட்டு, 103ஆவது வாக்கெடுப்பில்தான் ஜான் டேவிஸை அதிபர் வேட்பாளராக்கியது. அம்முறையில் கட்சிக்குப் பிடி இருந்தது. சாதாரண வாக்காளருக்குக் குரல் இல்லை. 1968இல், கட்சி வேட்பாளர் யார் என வாக்காளர்கள் வாக்களிக்கும் முதல்நிலைத் தேர்தல்களில் களமிறங்காமலேயே ஹூபர்ட் ஹம்ஃப்ரி அக்கட்சியின் வேட்பாளரானபோது எழுந்த கொந்தளிப்பு விதிகளை மாற்றியது. 1972 முதல் வாக்காளர்களே தீர்மானிக்கிறார்கள்.

பின்னதே நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கட்சி தன் வாசலைக் காக்கும் வலிமையை இழந்தது: 2016இல் குடியரசுக் கட்சி முன்னணியினர் பலர் எதிர்த்தும் டிரம்ப்பைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அமைப்பு தளர்ந்த அதே காலத்தில் வாக்காளரின் கட்சிப் பற்று இறுகிவிட்டது. அவ்வாண்டு செனட் (நாடாளுமன்ற மேலவை) தேர்தல் நடந்த ஒவ்வொரு மாநிலத்திலும், அதிபர் தேர்தலில் அங்கு வென்ற கட்சியே அந்த இடத்தையும் கைப்பற்றியது.