மியாட்டாவில் ஈஎஃப்ஆர் டர்போ: மாற்றியபின் சில சீசன்கள் ஓட்டிய அனுபவம்

டர்போ என்பது எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. டர்போ கிட் போட்ட மாஸ்டா மியாட்டா காரில் இன்னும் பெரிய டர்போ மாட்டலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, எத்தனை எச்பி ஏறும் என்பதைத்தான். எச்பி ஏறத்தான் செய்கிறது. ஆனால் போர்க்வார்னரின் ஈஎஃப்ஆர் டர்போவுக்கு மாறிச் சில சீசன்கள் ஓட்டிய பிறகு சொல்கிறேன், கொடுத்த காசுக்குக் கிடைக்கிற பெரிய பலன் அது இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது என்பதில்தான் வித்தியாசம். அந்த வித்தியாசம் நிலைக்க வேண்டுமானால் டர்போவைச் சுற்றியுள்ள சூட்டை விடாமல் கவனிக்க வேண்டும். நான் எழுதப் போவதில் பெரும்பகுதி அந்தச் சூட்டைப் பற்றித்தான்.

என்னுடையது 2002 மாடல், இரண்டாம் தலைமுறை மியாட்டா. 1.8 லிட்டர் எஞ்சின், ஆறு கியர். கம்பெனியிலிருந்து வரும்போது 142 எச்பி. எடை சுமார் 1,100 கிலோதான் என்பதால் கொஞ்சம் பவர் கூட்டினாலே நன்றாகத் தெரியும். மிச்சிகனில் இருக்கிறேன். இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், அதனால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கார் கராஜை விட்டு வெளியே வராது. எல்லா வேலையும் அந்த மாதங்களில்தான் நடக்கும்.

கிட்டோடு வந்தது காரெட் ஜிடி2560ஆர். பால் பேரிங் டர்போ, காற்றைத் தள்ளும் கம்ப்ரஸர் வீல் 60 மி.மீ. 200லிருந்து 330 எச்பி வரை தாங்கும் என்பது காரெட் கணக்கு. இந்த டர்போவைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 11 பிஎஸ்ஐ பூஸ்ட்டில் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) சக்கரத்தில் சுமார் 215 எச்பி கொடுத்தது. வீட்டிலிருந்து ஆபீஸ், வார இறுதியில் ஏரிக்கரையோரம் ஒரு ஓட்டம், இவ்வளவுதான் உங்கள் தேவை என்றால் இதை மாற்ற அவசியமே இல்லை.

எனக்கு அது போதாமல் போனது டிராக்கில். சவுத் ஹேவன் ஊரில் ஜிஞ்சர்மேன் ரேஸ்வே இருக்கிறது, ஒரு சுற்று 2.14 மைல். நீளமான நேர்ப்பாதையில் ஆறாயிரம் ஆர்பிஎம் தாண்டியதும் எஞ்சின் மூச்சு வாங்கும். பூஸ்ட்டைக் கூட்டினால் காற்று கூடுவதைவிடச் சூடுதான் கூடும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பின்னால் உள்ள சென்சாரில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெப்பம் ஏறுவது அப்படியே தெரியும். இன்னொரு தொல்லை வளைவில். மெதுவான வளைவில் காலை எடுத்துவிட்டுத் திரும்ப மிதித்தால், பூஸ்ட் வருவதற்குள் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அரை நொடிகூட இருக்காது. ஆனாலும் வளைவிலிருந்து வெளியே வருகிற நேரத்தில் கார் எப்போது தள்ளும் என்று தெரியாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது நம்பிக்கையைக் குறைக்கிறது.

மூன்று டர்போக்களைப் பார்த்தேன். காரெட் ஜிடி2860ஆர்எஸ் நல்லதுதான், ஆனால் பழைய தலைமுறை. காரெட் ஜி25-550 புதியது. 550 எச்பி வரை போகும் பொருள், என் தேவைக்கு அதிகம். மூன்றாவது போர்க்வார்னர் ஈஎஃப்ஆர் 6258. அதைத்தான் எடுத்தேன். முக்கியக் காரணம், எஞ்சின் புகை மோதிச் சுழற்றும் அதன் டர்பைன் வீல். காமா டைட்டானியம் அலுமினைடு என்ற உலோகத்தில் செய்தது. வழக்கமான நிக்கல் கலவையோடு ஒப்பிட்டால் எடை பாதிதான் வரும். லேசான வீல் சீக்கிரம் சுழலத் தொடங்கும். அப்புறம், டி25 அளவு ஃபிளாஞ்சோடு (இணைப்பு முகப்பு) கிடைப்பதால், எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுவரும், கிட்டில் வந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட், காலை எடுக்கும்போது மிஞ்சும் காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு இரண்டும் டர்போவிலேயே இருப்பதால் குழாய்கள் குறையும்.

இந்த உலோகத்துக்கு ஒரு பலவீனமும் உண்டு. லேசானது, சூடு தாங்கும், ஆனால் நொறுங்கும் தன்மை கொண்டது. மேனிஃபோல்டிலிருந்து வெல்டிங் துணுக்கோ உடைந்த ஸ்பார்க் பிளக் துண்டோ வந்து இடித்தால் நிக்கல் வீல் நசுங்கிக் கொடுக்கும், இது சில்லு சில்லாகப் போய்விடும். மாட்டுவதற்கு முன் மேனிஃபோல்டின் உள்பக்கத்தைக் கழுவி, விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது கட்டாயம்.

டர்போ வாங்குவதற்கு முன்பே எஞ்சினைத் திறந்தாகிவிட்டது. மியாட்டாவின் பிபி எஞ்சினில் பலவீனமான இடம், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட். சக்கரத்தில் 230, 250 பவுண்ட்-அடி டார்க் (முறுக்கு விசை) வந்தால் வளையத் தொடங்கும் என்பது இந்தக் கார் ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கவனிக்க வேண்டியது, ராடை வளைப்பது எச்பி இல்லை, குறைந்த ஆர்பிஎம்மில் திடீரென்று வருகிற டார்க். சீக்கிரம் பூஸ்ட் கொடுக்கும் டர்போ அந்த ஆபத்தை அதிகமாக்கும். நம்மைக் கவர்ந்த அதே குணம்தான் ஒரிஜினல் ராடுக்கு எமன். ஃபோர்ஜ் செய்த (அடித்து வலுவாக்கிய) ராடும் பிஸ்டனும் போட்ட பிறகுதான் இந்த டர்போவைத் தொட வேண்டும். இதைச் செய்ய மனமில்லையென்றால் பழைய டர்போவிலேயே இருப்பது நல்லது.

கிளட்ச்சும் மாற்றினேன். கியர்பாக்ஸ் ஆறு கியர் என்பதால் தப்பித்தேன். ஐந்து கியர் பாக்ஸ் இந்த அளவு டார்க்குக்கு நிற்காது.

மாட்டும் வேலையில் பாதி, இடம் பண்ணுவதுதான். ஈஎஃப்ஆர் பெரிய உருவம். கம்ப்ரஸர் ஹவுசிங்கைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துத்தான் குழாய் போகிற திசை அமைந்தது. டர்பைன் வெளிவாய் வி-பேண்ட் கிளாம்ப் வகை என்பதால், டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் பழைய டவுன்பைப் பொருந்தாது. ஆயில், தண்ணீர்க் குழாய்களின் இணைப்புகளும் வேறு. ஆயில் திரும்பி வரும் குழாயில் யாரும் சமரசம் செய்துகொள்ள வேண்டாம். அதில் அழுத்தம் கிடையாது, புவியீர்ப்பில்தான் ஆயில் இறங்குகிறது. நடுவில் ஒரு தொய்வு இருந்தாலும் ஆயில் தேங்கி, சீல் வழியாக டர்பைன் பக்கம் கசிந்து, சைலன்ஸரில் நீலப் புகையாக வரும். அந்தப் புகையைப் பார்த்து டர்போ போய்விட்டது என்று புதிதாக வாங்கியவர்களும் உண்டு.

டவுன்பைப் ஒரு கடையில் ரெடிமேடாக வாங்கியது. அதன் ஃபிளாஞ்ச் சமமாக இல்லை. ஒரு ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. கடைக்காரர்கள் கிளாம்ப்பை இன்னும் இறுக்கச் சொன்னார்கள், மாற்றித் தரவில்லை. இறுக்கினால் சத்தம் நிற்கும், கசிவு நிற்காது. ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் அப்படிக் கசிந்தால் ஐடிலில் வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோல் குறைவாகப் போவதாகச் சென்சார் தப்பாகக் காட்டும். அதை நம்பி டியூன் செய்தால் எல்லாமே கோணலாகும். கடைசியில் உள்ளூர் லேத் பட்டறையில் கொடுத்து முகப்பைச் சமப்படுத்தியதும் சரியானது. ரெடிமேடு பைப் வாங்கினால், மாட்டுவதற்கு முன் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் ஃபிளாஞ்சைக் கவிழ்த்து ஆடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்த்தபோது முதலில் எனக்குக் குழப்பம்தான். டைனோவில் (காரை ஓரிடத்தில் நிறுத்திப் பவரை அளக்கும் கருவி) இரண்டு டர்போக்களின் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பூஸ்ட் ஏறத் தொடங்கும் ஆர்பிஎம் கிட்டத்தட்ட ஒன்றுதான், மூவாயிரத்தை ஒட்டி. காசு வீணோ என்றுகூடத் தோன்றும். ஆனால் டைனோவில் ஒரே கியரில், முழுசாக மிதித்தபடி, கீழிருந்து மேலே போகிறோம். ரோட்டில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. நாலாயிரம் ஆர்பிஎம்மில் காலை எடுத்து, கியர் மாற்றி, திரும்ப மிதிக்கிற அந்த நேரத்தை டைனோ காட்டாது. லேசான வீலின் அருமை அங்கேதான். பழைய டர்போவில் அடிக்கடி பக்கத்து சீட்டில் வந்த தம்பி ஒருவன், புதியது போட்டபின் முதல் தடவை வந்து இறங்கியதும் சொன்னான்: "அண்ணா, முன்னாடி மிதிச்சா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் போகும். இப்போ யோசிக்கவே மாட்டேங்குது." நான் எழுதுகிற எந்த எண்ணையும்விட அவன் சொன்னது சரி.

எண் வேண்டுமென்றால், 15 பிஎஸ்ஐயில் சக்கரத்தில் சுமார் 280 எச்பி. ஏழாயிரம் ஆர்பிஎம் வரை இழுப்பு தளராது. 1,100 கிலோ காருக்கு இது நிறையவே. இரண்டாம் கியரில் முழு பூஸ்ட் கொடுத்தால் பின்சக்கரம் சுற்றும், ஈர ரோட்டில் மூன்றாம் கியரிலும் சுற்றும். அதனால் டியூனரிடம் சொல்லி, கியருக்கு ஏற்பவும் ஆர்பிஎம்முக்கு ஏற்பவும் பூஸ்ட் படிப்படியாக ஏறுகிற மாதிரி எஞ்சின் கம்ப்யூட்டரான இசியுவில் வைத்திருக்கிறேன். நாலாயிரம் வரை 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாது. ராடுக்கும் கியர்பாக்ஸுக்கும் டயருக்கும் நல்லது, ஓட்டவும் இதமாக இருக்கிறது. வேஸ்ட்கேட் கேனிஸ்டர் வாங்கும்போதும் கவனம் வேண்டும். கடினமான ஸ்பிரிங் எடுத்தால் பூஸ்ட்டை இந்த அளவுக்குக் கீழே இறக்க முடியாது.

இனி சூடு. மியாட்டாவின் எஞ்சின் முதலில் முன்சக்கரத்தால் ஓடும் மாஸ்டா 323 மாதிரிக் கார்களுக்காக, குறுக்காக வைக்க வடிவமைத்த குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் தண்ணீர் வெளியேறும் வழி எஞ்சினின் ஒரு முனையில். மியாட்டாவில் நீளவாக்கில் வைத்தபோது அந்த முனை பின்னால் போய்விட்டது, தெர்மோஸ்டாட்டை முன்பக்கம் கொண்டுவந்தார்கள். விளைவு, பின்னால் இருக்கிற நான்காவது சிலிண்டருக்குத் தண்ணீர் ஓட்டம் குறைவு. சாதாரண எஞ்சினில் இது தெரியாது. டர்போ போட்டு டிராக்கில் ஓட்டினால் முதலில் நாக் ஆகும் (பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிக்கும்) சிலிண்டர் அதுவாகத்தான் இருக்கும். கூலன்ட் ரீரூட் என்ற வேலையில் தண்ணீரைப் பின்பக்கமாகவே வெளியே எடுத்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். கை நுழையாத இடம், எரிச்சலூட்டும் வேலை. ஆனால் இந்தக் காரில் டர்போவுக்கு முன்பே செய்ய வேண்டியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதோடு ரேடியேட்டருக்கு இரண்டு பக்கமும் தகடு அடைத்து, வருகிற காற்று முழுவதும் ரேடியேட்டர் வழியாகவே போகும்படி செய்தேன். ஆகஸ்ட் வெயிலில் ஜிஞ்சர்மேனில் ஓட்டும்போது டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்கும் பழக்கம் அதன் பிறகு குறைந்தது.

அடுத்தது ஸ்டட், அதாவது மரை போட்ட கம்பி. டர்போவை மேனிஃபோல்டோடு பிடித்திருக்கும் நாலு ஸ்டட்கள்தான். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் சாதாரண எஃகு கொஞ்சம் நீளும், நட் தளரும். அறிகுறியைக் காதில் பிடிக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று மெல்லிய சத்தம், எஞ்சின் சூடானதும் மறைந்துவிடும். கண்ணிலும் படும். ஃபிளாஞ்சின் ஓரத்தில் கரிக்கோடு, விசிறி மாதிரிப் பரவியிருக்கும். பழைய டர்போவில் ஒவ்வொரு டிராக் நாளுக்கும் பிறகு ஸ்பேனரோடு உட்கார வேண்டியிருந்தது. சூடு தாங்கும் இன்கோனல் உலோக ஸ்டட்களும் லாக்கிங் நட்டும் போட்டபின் அந்த வேலை சீசன் தொடக்கத்தில் ஒரு சோதனை, முடிவில் ஒரு சோதனை என்று சுருங்கிவிட்டது. விலை கேட்டால் நாலு ஸ்டட்டுக்கு இவ்வளவா என்று தோன்றும். கொடுங்கள்.

டர்போவுக்கு மேலே துணிப்போர்வை, பக்கத்தில் போகிற ஒயர்களுக்கும் ஹோஸ்களுக்கும் சூடு தாங்கும் உறை. டிராக்கிலிருந்து வந்ததும் எஞ்சினை உடனே அணைப்பதில்லை, ஒரு சுற்று மெதுவாக ஓட்டிவிட்டுத்தான் நிறுத்துவேன். ஆயிலை மாஸ்டா சொல்கிற கெடுவுக்கு முன்பே மாற்றுகிறேன்.

பெட்ரோல் விஷயத்தில் மிச்சிகன்காரர்களுக்கு அதிர்ஷ்டம். நாக்கைத் தடுக்கும் 93 ஆக்டேன் பெட்ரோல் எளிதாகக் கிடைக்கிறது, கலிஃபோர்னியாவில் 91தான். 93ல் நான் 15 பிஎஸ்ஐயோடு நிறுத்திக்கொள்கிறேன். இங்கே எத்தனாலும் பெட்ரோலும் கலந்த ஈ85ம் பங்குகளில் கிடைக்கிறது. நாக் அடங்கும், காற்றும் குளிரும். ஆனால் சுமார் மூன்றில் ஒரு பங்கு எரிபொருள் அதிகம் குடிக்கும், அதற்கேற்ற பெரிய இன்ஜெக்டரும் பம்பும் வேண்டும். பெயர்தான் ஈ85, எத்தனால் அளவு பருவத்துக்கேற்ப 51லிருந்து 83 சதவீதம் வரை மாறும். எத்தனால் சென்சார் வைத்து இசியு தானே சரிசெய்கிற ஏற்பாடு இல்லாமல் அதை ஊற்ற வேண்டாம்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் கிட்டுக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இல்லையென்றால் ஸ்மாக் என்ற புகைச் சோதனையில் கார் தேறாது. கிட்டுக்கு எண் இருந்தாலும், டர்போவை வேறொன்றாக மாற்றினால் அந்த எண் அதற்குப் பொருந்தாது.

செலவு: டர்போ மட்டும் 2,000 டாலரை ஒட்டி. டவுன்பைப், குழாய்கள், ஸ்டட், டியூனிங் எல்லாம் சேர்ந்து இன்னொரு அவ்வளவு போனது. எஞ்சின் வேலை தனி. டிராக்குக்குப் போகாதவர்கள் இந்தப் பணத்தில் பழைய ஜிடி2560ஆரையே வைத்துக்கொண்டு ரீரூட், நல்ல ரேடியேட்டர், இன்கோனல் ஸ்டட், ஒழுங்கான டியூனிங் செய்தால் பல வருடம் தொந்தரவில்லாமல் ஓட்டலாம். டிராக்குக்குப் போகிறவர்கள், எஞ்சினை ஏற்கெனவே கட்டிவைத்திருப்பவர்கள் தயங்காமல் ஈஎஃப்ஆருக்குப் போகலாம். எனக்கு இன்னும் தீராதது ஆயில் வெப்பம். நீண்ட செஷனின் கடைசியில் நான் விரும்புவதைவிட மேலே போகிறது. இந்தப் பனிக்காலத்தில் தெர்மோஸ்டாட்டோடு ஆயில் கூலர் போடப் போகிறேன்.