கொட்டாஞ்சேனை இராச்சுற்றுப் பொடியன்கள்: ஐந்து நட்சத்திரத்துக்கு நாலு, அந்த ஒன்றை டோர்ச்சுக்காக வெட்டினேன்

சனி இரவு படுத்து, ஞாயிறு விடிய இன்னும் மூன்று மணி ஆகவில்லை, எங்கள் வீட்டு கேட்டை யாரோ தட்டினார்கள். கொழும்புக் கொட்டாஞ்சேனையில் அந்த நேரத்தில் கேட் தட்டும் சத்தம் கேட்டால் என் வயது ஆட்கள் ஓடிப்போய்த் திறக்க மாட்டோம், இருக்கிற லைட்டையும் அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம், பழைய பழக்கம். ஜன்னல் திரையை விரலால் ஒதுக்கிப் பார்த்தால், மினுங்கும் பட்டி வைத்த ஜாக்கெட்டோடு மூன்று பொடியன்கள், நடுவில், தன் காலைவிட ஒன்றரை மடங்கு பெரிய பாட்டா செருப்பைப் போட்டுக்கொண்டு, என் பெரியம்மா. பக்கத்து அறையில் நல்ல நித்திரை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பெரியம்மா.

அவர் வெளியே போனதே எனக்குத் தெரியாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்சம் தள்ளி இந்தப் பொடியன்களை நான் குறை சொல்லும் இடமும் வருகிறது, அப்போது "நீங்க கதவைப் பூட்டலையா அக்கா" என்று யாராவது கேட்பீர்கள். பூட்டினேன். திறப்பைக் கதவிலேயே விட்டிருந்தேன்.

சரி, யார் இவர்கள்? பெயர் கிடையாது, ஒஃபிஸ் கிடையாது, பேஸ்புக் பக்கம்கூடக் கிடையாது. ஏழெட்டுப் பேர், தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாம் கலந்த எங்கள் ஏரியாப் பிள்ளைகள்தான். ஒருவன் செட்டியார் தெரு நகைக்கடையில் வேலை, ஒருவன் ஓட்டோ ஓடுகிறான், இரண்டு பேர் இன்னும் படிக்கிறார்கள். போன வருடம் வெசாக் பார்க்க வந்த சனத்துக்குள் பிள்ளைகளைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு நின்ற தாய்மாருக்குத் தேடிக் கொடுக்கப் போனவர்கள், அடுத்த மாதம் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கும் அதே வேலையைச் செய்திருக்கிறார்கள், அப்புறம் நிறுத்த மனம் வரவில்லையாம். வெள்ளி, சனி, போயா (பௌர்ணமி) இரவுகளில் பத்தரைக்குத் தொடங்கி மூன்றரை வரைக்கும் நடப்பார்கள். கள்ளனைப் பிடிப்பது, குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவனை விலக்குவது, இதெல்லாம் அவர்கள் வேலை இல்லை. பொலிஸ் ஸ்டேஷனோடு சேர்ந்து இயங்கும் சிவில் பாதுகாப்புக் குழு வேறு, இது வேறு. வழி தெரியாமல் நிற்கிற ஆளை வீட்டிலோ, பஸ்ஸிலோ, சொந்தக்காரர் கையிலோ சேர்ப்பது, அவ்வளவுதான்.

பெரியம்மாவுக்கு 74 வயது. மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து கண் ஒப்பரேஷனுக்காக வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஊரில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு, மாமாங்கம் கோயிலுக்குத் தானே பஸ் ஏறிப் போய்வருகிற மனுஷி, மறதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் புது வீடு, இருட்டு, ஒரு கண் மங்கல், நடு இரவில் எழும்பினால் எந்த வயசாளிக்கும் திசை மாறும். ஊரில் இருக்கிறேன் என்ற நினைப்பில் கிணற்றடிக்குப் போகக் கதவைத் திறந்திருக்கிறார். கிணறு இல்லை. தேடிக்கொண்டே ஒழுங்கையால் போய், இன்னொரு ஒழுங்கையால் திரும்பி, ஜம்பட்டா வீதியில் பூட்டிய கடை ஒன்றின் படியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தபோதுதான் இவர்கள் கண்டிருக்கிறார்கள்.

"மனே, நான் ஊட்ட போகணும்."

"வீடு எங்க அம்மம்மா?"

"முருகன் கோயிலடி."

கொட்டாஞ்சேனைப் பொடியனுக்கு முருகன் கோயில் என்றால் ஜிந்துப்பிட்டிதான். செருப்பைக் கழற்றிக் கொடுத்து, கையைப் பிடித்து மெல்ல மெல்ல அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெரியம்மா கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது இல்ல மனே, எங்கட கோபுரம் சரிஞ்சி நிக்கும்" என்றிருக்கிறார். வேறு யாராவது என்றால் கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள். மூவரில் ஒருவனுடைய தாய் மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிக்குடி. கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் 2004 சுனாமிக்குப் பிறகு சரிந்து நின்றதை அவன் சின்ன வயதில் பார்த்திருக்கிறான். "அம்மம்மா, நீங்க கல்லடியா?" என்று கேட்டதும் பெரியம்மாவுக்கு உயிர் வந்துவிட்டது, அவனுடைய தாயின் ஊர், பெயர், யாருடைய மகள், எல்லாம் அந்த இடத்திலேயே விசாரித்து முடித்துவிட்டார்.

சரி, ஊர் தெரிந்துவிட்டது, இங்கே யார் வீட்டில் தங்கியிருக்கிறார்? என் பெயரைச் சொல்லியிருக்கிறார், வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை. இலக்கம், தெரு எதுவும் தெரியாது. அப்போதுதான் மற்றவன், புதுக்கடைப் பக்கத்து முஸ்லிம் பொடியன், இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வியைக் கேட்டிருக்கிறான். கண் தெரியாத ஆளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பயனில்லை என்று விளங்கி, "கதவத் திறந்ததும் என்ன சத்தம் கேட்டிச்சி?"

"புறா. கனக்கப் புறா."

அவன் தானே புறா வளர்க்கிறவன். எந்த மொட்டைமாடியில் யாருடைய கூடு இருக்கிறது என்பது அவனுக்கு மனப்பாடம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மூன்று கூடு, முதல் இரண்டுக்கும் பெரியம்மா தலையாட்டவில்லை, மூன்றாவது எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. எங்கள் வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே வராமல், திறந்த கதவைத் தாண்டாமல், வெளியே நின்று கேட்டைத் தட்டினார்கள் பாருங்கள், அதற்கே ஒரு நட்சத்திரம்.

இனிக் குறை.

ஜம்பட்டா வீதிப் படியில் கண்ட அந்த முதல் நிமிடத்தில், குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, டோர்ச்சை நேரே பெரியம்மாவின் முகத்தில் அடித்து "ஐ.சி. இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். கெட்ட எண்ணம் இல்லை, அட்டையில் விலாசம் இருக்கும் என்று நினைத்திருக்கிறான். ஆனால் யுத்த காலத்தில் கல்லடிப் பாலத்துச் செக் பொயின்டில் வருஷக்கணக்காக இறங்கி நடந்த மனுஷிக்கு, இருட்டில் முகத்தில் வெளிச்சமும் அடையாள அட்டைக் கேள்வியும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும்? "ஆமி எண்டு நெனச்சன்" என்று மறுநாள் காலை சொன்னார். இல்லாத ஐ.சி.யை இடுப்பிலும் சட்டைக்குள்ளும் தேடித் தேடித் தடவியிருக்கிறார். கை நடுங்கியதில் ஐந்து நிமிடம் பேச்சே வரவில்லையாம்.

கொழும்பில் இருக்கிற எங்களுக்கும் இது புதிதில்லையே. 2007 ஜூன் 7ஆம் திகதி விடிய, இதே கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸ் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள், மறுநாள் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் அது நின்றது. அப்போது எதிர் லொட்ஜில் டோர்ச் வெளிச்சம் ஒவ்வொரு ஜன்னலாக ஏறினதை நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இந்தப் பிள்ளைகளுக்கு அப்போது நாலைந்து வயது இருந்திருக்கும், அவர்களுக்கு எப்படித் தெரியும், வீட்டில் பெரியவர்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். நான் சொன்னேன். டோர்ச்சை நிலத்துக்கு அடியுங்கள், இல்லையென்றால் உங்கள் முகத்துக்கே அடித்துக் காட்டுங்கள், யார் வருகிறார் என்று அந்த ஆள் முதலில் பார்க்கட்டும். உட்கார்ந்திருக்கிறவர் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். ஐ.சி.யைக் கடைசியில் கேளுங்கள், "சாப்பிட்டீங்களா"வை முதலில் கேளுங்கள். தலையாட்டினார்கள். மூத்தவன் ஃபோனில் குறித்துக்கொண்டான், அது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களோடு ஒரு சுற்றுப் போனோம், நானும் கணவரும், ஒரு ஃபிளாஸ்க் பிளேன்ரீயோடு. செட்டியார் தெருவால் இறங்கி, புறக்கோட்டை பஸ் நிலையங்கள், கோட்டை ஸ்டேஷன் முன்பக்கம், திரும்பி வரும்போது ஜிந்துப்பிட்டி. முப்பது வருஷமாகக் கொழும்பில் இருக்கிறேன், இந்த ஊரில் ஆட்கள் ஏன் தொலைகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. ஒரே இடத்துக்கு மூன்று பெயர். நாம் புதுக்கடை என்கிறோம், சிங்களத்தில் அளுத்கடே, ஆங்கிலத்தில் ஹல்ப்ஸ்டோர்ப். நமக்கு முகத்துவாரம், பஸ்ஸில் மோதர, பழைய ஆட்களின் கடித உறையில் மட்வால். கறுவாத்தோட்டம் கேட்டு வந்தவருக்கு குருந்துவத்த என்று கத்துகிற கொண்டக்டர் சொல்வது அதே இடம்தான் என்று எப்படித் தெரியும்? அன்று ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கடை வேலைக்கு வந்த பையன் ஒருவன், பதினெட்டு வயது இருக்கும், கையில் "புதுக்கடை, கொழும்பு 12" என்று தமிழில் எழுதிய துண்டோடு இரண்டு மணித்தியாலம் நின்றிருக்கிறான். கேட்ட இரண்டு ஓட்டோக்காரர்களுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை. அவன் நின்ற இடத்திலிருந்து நடந்தே போகலாம்!

இன்னொன்று பஸ் நிலையம். "புறக்கோட்டை ஸ்டாண்டில நிப்பன்" என்று சொல்லிவிடுகிறோம், அங்கே மூன்று ஸ்டாண்ட். அரசாங்க பஸ்ஸுக்கு மத்திய பஸ் நிலையம், அப்புறம் பஸ்தியன் மாவத்தை, அப்புறம் குணசிங்கபுர. கூப்பிட வந்தவர் ஒன்றில், வந்திறங்கியவர் இன்னொன்றில், ஃபோனில் சார்ஜ் இல்லை. அன்றிரவு இப்படி ஒரு தாயையும் மகளையும் மாமனாரோடு சேர்த்துவைத்தார்கள், பொடியன்கள் செய்ததெல்லாம் ஒருவன் இங்கே நிற்க இன்னொருவன் அங்கே ஓடிப்போய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுதான். அதே இரவில் புல்லர்ஸ் வீதி எங்கே என்று ஒரு ஐயா கேட்டார். ஓட்டோ ஓடுகிறவன் கொஞ்சமும் யோசிக்காமல் பௌத்தாலோக மாவத்தை என்றான். பெயர் மாறி எத்தனை காலம், அவன் பிறந்தே இருக்க மாட்டான். கூகுள் மெப் இதையெல்லாம் செய்யும்தான், அதைத் தட்டத் தெரிந்தவர்கள் தொலைவதில்லை.

மயங்கி விழுந்து கிடந்த ஒருவரை இவர்கள் தூக்கவில்லை, அசைக்கவில்லை, 1990க்கு அடித்துவிட்டு சுவசெரிய அம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் நின்றார்கள். நல்ல பழக்கம்.

லண்டனில் இருக்கும் என் மச்சாளிடம் இதைச் சொன்னபோது, அங்கேயும் இருக்கிறார்களே, ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ் என்று, தேவாலயக்காரர்கள், 2003இல் பிரிக்ஸ்டனில் தொடங்கியது என்றாள். பார்ட்டி முடிந்து ஹீல்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடக்கிற பெண்களுக்குக் கொடுக்க, பையில் ரப்பர் செருப்பு வைத்திருப்பார்களாம். நம்மவன் தன் காலில் கிடந்ததையே கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஜிந்துப்பிட்டி போய்வந்தான். ஆனால் அங்கே வீதிக்கு அனுப்புவதற்கு முன் பயிற்சி கொடுக்கிறார்கள். இங்கே அது இல்லை, டோர்ச் விஷயம் அதனால்தான்.

இன்னும் இரண்டு குறை. குழுவில் ஒரு பெண்பிள்ளைகூட இல்லை. இரவு ஒரு மணிக்குத் தனியாக நிற்கிற இளம்பெண் மூன்று ஆண்கள் நெருங்கி வந்தால் உதவி என்று நினைப்பாளா? என் மகளாக இருந்தால் ஓடத்தான் சொல்லியிருப்பேன். கேட்டதற்கு, "வீட்டில விட மாட்டாங்க அக்கா" என்றார்கள். அது உண்மைதான், நானும்தான் விடமாட்டேன். மற்றது, கண்டெடுத்த ஆளைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்களில் போடுவது. பெரியம்மா படியில் உட்கார்ந்திருந்த படம், முந்தானை விலகியிருக்க, மறுநாள் எனக்கே மூன்று இடத்திலிருந்து வந்தது. வீடு கிடைத்த பிறகு அழிக்கச் சொன்னேன், தங்கள் குரூப்பில் அழித்தார்கள், மற்றவர்கள் ஃபோனில் போனது போனதுதான். பெரியம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

காசு வாங்க மாட்டார்கள். இரண்டாயிரம் ரூபாய் நீட்டினேன், மூவரும் ஒரே நேரத்தில் பின்னால் போனார்கள். மாலு பணிஸும் பிளேன்ரீயும் என்றால் மறுப்பில்லை. ஜாக்கெட்டுக்கும் பேட்டரிக்கும் கைக்காசுதான் போகிறது, யாராவது பழைய ரெயின்கோட், நல்ல பாட்டா சோடிகள் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். சின்னச் சைஸும் கொடுங்கள்.

இப்போது திறப்பு என் தலையணைக்கடியில். பெரியம்மாவின் கிளினிக் கொப்பி அட்டைக்குள் எங்கள் விலாசத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி வைத்தேன், கீழே "புறாக்கூட்டுக்கு எதிர் வீடு" என்றும். கொழும்புக்கு உங்கள் வீட்டுக்கு வயசாளிகள் வந்தால் இதைச் செய்துவிடுங்கள்.

இவர்களுடைய நம்பரை இங்கே போடப்போவதில்லை, பிள்ளைகளுக்குத் தொல்லை. வெள்ளி, சனி, போயா என்றால் ஜம்பட்டா வீதியில் இரவு திறந்திருக்கும் எந்தத் தேத்தண்ணிக் கடையில் கேட்டாலும் பொடியன்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை தொலைந்தால் பொலிஸின் 119தான்.