ஃபர் வணிகத்தை நிறுத்த நான்கு வழிகள்: எதற்குப் பலன் அதிகம்?

மிங்க் நம்மூர்க் கீரி அளவே இருக்கும், நீரோரத்தில் வாழும் பிராணி. காட்டில் ஆற்றங்கரையில் சில கிலோமீட்டர் தூரத்தைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு, நீந்தி இரை பிடித்துத் தனியாக வாழும். ஃபருக்காக, அதாவது ஆடைகளில் வைக்கும் மயிர்த்தோலுக்காக, அதை வளர்க்கும் பண்ணையில் அதற்குக் கிடைப்பது 30 சென்டிமீட்டர் அகலமும் 85 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கம்பிக் கூண்டு. கழிவு கீழே விழுவதற்காகத் தரையும் கம்பிதான். ஐரோப்பிய கவுன்சில் 1999-இல் பரிந்துரைத்த குறைந்தபட்ச இடமே 2,550 சதுர சென்டிமீட்டர், அதாவது மேலே சொன்ன அளவு.

ஜார்ஜியா மேசன் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளரும் அவரது சகாக்களும் 2001-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பண்ணை மிங்குகளுக்கு விளையாட்டுப் பொருள், கூடுதல் கூடு, நீச்சல் தொட்டி எனப் பலவற்றை வைத்து, ஒவ்வொன்றுக்கும் போகும் வழியில் ஒரு கதவை மாட்டினார்கள். கதவின் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அவை அதிகம் பாடுபட்டுத் தள்ளித் திறந்தது தண்ணீர்த் தொட்டியின் கதவைத்தான். தொட்டியை ஒரு நாள் மூடியபோது, உணவை நிறுத்தினால் உடலில் மன அழுத்த ஹார்மோன் எவ்வளவு ஏறுமோ அதே அளவு ஏறியது. பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த உயிர்கள் அவை. 'கூண்டிலேயே பிறந்ததால் அதற்கு வேறொன்றும் தெரியாது' என்று பண்ணைக்காரர்கள் சொல்லிவந்த வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா என்ன?

இந்தக் கொடுமை நிற்க வேண்டும் என்பதில் விலங்கு நல இயக்கங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. எந்த வழியில் என்பதில்தான் இருக்கிறது. தரச்சான்று, பண்ணைத் தடை, கடைகளுக்கு எதிரான நுகர்வோர் போராட்டம், விற்பனைத் தடை என நான்கு வழிகள் நடைமுறையில் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

தரச்சான்றைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஐரோப்பிய ஃபர் தொழில்துறையே உருவாக்கிய 'வெல்ஃபர்' திட்டத்தில் ஆய்வாளர்கள் பண்ணைக்கு வந்து மதிப்பெண் போடுகிறார்கள். கூண்டு இருக்கலாமா என்ற கேள்வியே அந்தத் திட்டத்தில் கிடையாது. கூண்டுக்குள் நிலைமை எப்படி என்பதற்குத்தான் மதிப்பெண். சான்றிதழ்களைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பின்லாந்தில் 2017-இல் வெளியான படங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும். காட்டில் மூன்று நான்கு கிலோ இருக்கும் ஆர்க்டிக் நரி, அங்கே 19 கிலோ வரை கொழுக்கவைக்கப்பட்டிருந்தது. தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கிக் கண்ணை மறைக்க, கால்கள் வளைந்து, எழுந்து நிற்கவே திணறியது. தோல் பெரிதானால் ஏலத்தில் விலை கூடும் என்பதுதான் காரணம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமான ஈஃப்சா 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை இன்னும் வெளிப்படையானது: மிங்க், நரி, ரக்கூன் நாய் (நரி போன்ற ஒரு விலங்கு), சின்சில்லா (முயல் போன்ற ஒரு கொறிவிலங்கு) ஆகியவற்றின் பாதிப்புகளில் பெரும்பாலானவற்றை இப்போதைய கூண்டு முறையை வைத்துக்கொண்டு கணிசமாகக் குறைக்க முடியாது. அந்த அறிக்கைக்குப் பிறகும் 'நல்ல பண்ணை ஃபர்' என்று விற்பது வாங்குபவரை ஏமாற்றும் வேலை.

அடுத்தது பண்ணைத் தடை. பிரிட்டன் 2000-இல் சட்டம் இயற்றியது. நெதர்லாந்து 2012-இல் மிங்க் பண்ணைகளைத் தடைசெய்து 2024 வரை அவகாசம் கொடுத்தது. 2020-இல் பண்ணைகளுக்குள் கொரோனா புகுந்ததால் 2021 தொடக்கத்திலேயே மூடவைத்தது. நார்வே, எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா, ருமேனியா என்று வரிசை நீண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மிகப் பெரிய உற்பத்தியாளரான போலந்தும் 2025 டிசம்பரில் சட்டத்தில் கையெழுத்திட்டது. 2033 இறுதிக்குள் அங்குள்ள பண்ணைகள் மூடப்பட வேண்டும்.

தடை போட்ட நாட்டுக்குள் அது முழுமையாக வேலை செய்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிரிட்டனில் கூண்டுகள் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஃபர் இறக்குமதி தொடர்கிறது. தன் மண்ணில் குற்றம் என்று சொன்னதை அடுத்தவர் மண்ணில் செய்து வாங்கிக்கொள்ள அந்தச் சட்டம் இடம் விட்டுவைத்திருக்கிறது. வாங்க ஆள் இருக்கும்வரை கூண்டு எங்கோ ஓரிடத்தில் இருக்கும். இன்று உலகின் மிகப் பெரிய உற்பத்தியாளர் சீனா.

டென்மார்க்கில் நடந்தது தனிக்கதை. உருமாறிய கொரோனா மிங்கிலிருந்து மனிதருக்குப் பரவியதால், நாட்டிலுள்ள எல்லா மிங்குகளையும் கொல்லப் பிரதமர் மெட்டே ஃபிரடெரிக்சன் 2020 நவம்பரில் உத்தரவிட்டார். சுமார் 1.5 கோடி உயிர்கள். உத்தரவுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று பின்னர் தெரிந்ததும் வேளாண் அமைச்சர் பதவி விலகினார். அவசரத்தில் ஆழமில்லாமல் புதைத்த உடல்கள் அழுகி, வாயுவால் உப்பி மண்ணுக்கு மேலே வந்தன. இழப்பீடாக ஒதுக்கிய தொகை 1,800 கோடி குரோனுக்கும் மேல். உலகின் மிகப் பெரிய ஃபர் ஏல நிறுவனமான கோபன்ஹேகன் ஃபர் கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. இதை இயக்கத்தின் வெற்றியாகக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அத்தனை மிங்கும் எப்படிச் செத்தன என்பதை நினைத்தால் போதும்.

இனி நுகர்வோர் போராட்டம். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் இதன் பலம் எங்கே இருக்கிறது என்பதைப் போராடுபவர்களே பல சமயம் கவனிப்பதில்லை. ஃபர் கோட்டை வாழ்நாளில் வாங்கப்போகாத ஒருவர் 'ஃபரைப் புறக்கணிக்கிறேன்' என்று அறிவித்தால் வியாபாரிக்கு ஒரு காசு நட்டம் இல்லை. அவர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்றை நிறுத்தினால்தான் வலிக்கும்.

கனடாவின் சீல் (கடல்நாய்) வேட்டை இதற்கு நல்ல சாட்சி. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத, வெள்ளை மயிர் உதிராத குட்டிகளைப் பனிப்பாளத்தில் தடியால் அடித்துக் கொன்ற படங்கள் 1960-களிலேயே உலகம் சுற்றின. 1977-இல் பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ நேரில் போனார். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1983-இல் குட்டித்தோல் இறக்குமதியை நிறுத்தியது. அப்போதும் கனடா அசையவில்லை. பிறகு விலங்கு நல அமைப்பான ஐஃபா பிரிட்டனில் கனடிய மீனைப் புறக்கணிக்கச் சொல்லி இயக்கம் தொடங்கியது. சீல் தோல் வாங்காத குடும்பங்கள் எல்லாம் மீன் வாங்குபவர்கள். 1984-இல் பிரிட்டனின் பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனமான டெஸ்கோ தன் கடைகளில் கனடிய மீனை நிறுத்த முடிவெடுத்தது. சீல் தோலைவிடப் பல மடங்கு பெரிய மீன் வணிகத்துக்கே ஆபத்து வந்ததும் பேச்சு மாறியது. 1987-இல் வெண்குட்டிகளின் வணிக வேட்டையைக் கனடா நிறுத்தியது.

பெரிய பிராண்டுகள் விஷயத்திலும் இதே கணக்குதான். ஆடம்பர ஆடை நிறுவனமான குச்சி (Gucci) 2017-இல் ஃபரைக் கைவிடுவதாகச் சொன்னது; அடுத்த ஆண்டு வெர்சாச்சே, பர்பெரி, ஷனெல், 2019-இல் பிராடா. செருப்பு, கைப்பை, வாசனைத் திரவியம் விற்றுப் பிழைக்கும் நிறுவனங்களுக்கு ஃபர் மொத்த விற்பனையில் சிறு துளி. அந்தத் துளிக்காக மற்றதை வாங்கும் இளைய வாடிக்கையாளர்களை இழக்க அவர்கள் தயாராக இல்லை. இந்த மாற்றங்களுக்கும் விலை வீழ்ச்சிக்கும் பிறகு, ஆண்டுக்குப் பத்துக் கோடியைத் தாண்டியிருந்த பண்ணை விலங்குகளின் எண்ணிக்கை பத்தே ஆண்டில் சுமார் இரண்டு கோடியாகச் சரிந்திருக்கிறது.

ஆனால் இந்த ஆயுதம் ஆள் பார்த்து அடிக்காது. சீல் எதிர்ப்பு அலையில் ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் வாழ்க்கை நொறுங்கியது. அவர்கள் வெண்குட்டிகளை வேட்டையாடியவர்கள் அல்லர். வளர்ந்த சீலைப் பிடித்து, இறைச்சியை உண்டு, மிஞ்சிய தோலை விற்றவர்கள். ஐரோப்பியச் சட்டத்தில் அவர்களுக்கு விலக்கு இருந்தும், சீல் தோல் என்றாலே வாங்குவார் இல்லாமல் போனது. சீல் வேட்டையை எதிர்த்த சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் கனடா 2014-இல் அவர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. கேட்டது சரி. ஆனால் முப்பது ஆண்டு தாமதம். ஃபர் எதிர்ப்பில் இருக்கும் என் போன்றவர்கள் இதை மறைக்காமல் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

விற்பனைத் தடையில் இந்தத் தடுமாற்றம் குறைவு. யாருக்கு விலக்கு, எதற்கு விலக்கு என்று எழுதிவைக்க முடியும். கலிஃபோர்னியாவின் சட்டம் 2019-இல் கையெழுத்தாகி 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. புதிய ஃபர் ஆடைகளை விற்கக் கூடாது, பழைய ஆடைகளுக்குத் தடை இல்லை. நாடு முழுவதும் விற்பனையைத் தடைசெய்த முதல் நாடு இஸ்ரேல், 2021-இல். மதத் தேவைக்கு விலக்கு உண்டு. தீவிர மரபுவழி யூதர்களான ஹரேதி ஆண்கள் அணியும் ஷ்ட்ரைமெல் என்ற ஃபர் தொப்பி தப்பிவிட்டது. இந்தியா 2017-இல் மிங்க், நரி, சின்சில்லா தோல் இறக்குமதியைத் தடைசெய்தது.

நான்கில் என் தேர்வு இதுதான்: முதலில் கடைகளும் பிராண்டுகளும், அடுத்து விற்பனை-இறக்குமதித் தடை. கடைகள் கைவிட்ட பொருளுக்காகச் சட்டசபையில் வாதாடப் பெரிய நிறுவனங்கள் வருவதில்லை. அப்போது சட்டம் எளிதாகிறது. பண்ணைத் தடை அவசியம், ஆனால் விற்பனைத் தடை இல்லாமல் அது பாதிக் கிணறு. தரச்சான்றுக்கு ஒரு ரூபாய்கூட, ஒரு கையெழுத்துகூடக் கொடுக்க மாட்டேன்.

டொராண்டோவிலோ லண்டனிலோ குளிர்கால ஜாக்கெட் எடுக்கும் நம்மவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. கயோட்டி (ஓநாய் போன்ற வட அமெரிக்க விலங்கு) மயிர் வைத்த தலைமூடிக்குப் பேர்போன கனடா கூஸ் 2021-இல் ஃபரை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் பழைய இருப்பும் வேறு பிராண்டுகளும் சந்தையில் உண்டு. 'செயற்கை ஃபர்' என்ற சீட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். பிரிட்டனில் அந்தப் பெயரில் விற்றவற்றில் ரக்கூன் நாய், பூனை மயிர்கூட 2017-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பண்ணைத் தோல் அவ்வளவு மலிவு. மயிரை விரலால் வகிர்ந்து அடியைப் பாருங்கள்: நெய்த துணி தெரிந்தால் செயற்கை, தோல் தெரிந்தால் நிஜம். நிஜ மயிரின் நுனி ஊசிபோல் மெலிந்திருக்கும், வெட்டப்படாத இடத்தில். செயற்கை ஃபர் பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக், துவைக்கும்போது நுண்ணிழை உதிரும். தலைமூடியில் ஃபரே இல்லாத ஜாக்கெட் கிடைத்தால் அதை எடுங்கள். நிஜ ஃபர் தொங்கும் கடையைப் பார்த்தால் வெறுமனே திரும்பிவிடாமல் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். அந்தக் கடையில் நீங்கள் வழக்கமாக என்னென்ன வாங்குகிறீர்கள், எதையெல்லாம் இனி வாங்கப்போவதில்லை என்று பட்டியலாகவே எழுதுங்கள்.