வியூகத்துக்குள் ஓர் அபிமன்னன்: படுவான்கரையில் பார்த்த வடமோடிக் கூத்து

கூத்தின் வட்ட ஆடுகளமான வட்டக்களரியில் ஆடுகிறவருக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. சுற்றிவரச் சனம் இருக்கிறது. ஒருவருக்கு முகம் காட்டினால் இன்னொருவருக்கு முதுகு காட்டித்தான் ஆகவேண்டும். நல்ல கூத்தர் அந்த முதுகையும் நடிக்கவைப்பார். மட்டக்களப்பில் வலையிறவுப் பாலத்தைத் தாண்டி, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றின் கோயில் வளவில், அபிமன்னன் (அபிமன்யு) மடியும் பாரதப் பதின்மூன்றாம் நாள் போரை, மட்டக்களப்புக் கூத்தின் இரு மரபுகளில் ஒன்றான வடமோடியில் பார்த்தபோது, அன்றைய நடிப்பை நான் இந்த ஒரு கோலால்தான் அளந்தேன்.

முதலிடம் துரியோதனனுக்கே. பகலில் மேசன் வேலை செய்கிறவர் அவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அரச வேடத்துக்குரிய கரப்புடுப்பின் பாரத்தோடு, பாத்திரம் முதலில் களரிக்குள் வரும் வரவு ஆட்டத்தில் களரியைச் சுற்றி வந்தபோது ஒரு மிதிகூடத் தாளத்துக்கு வெளியே விழவில்லை. என் தந்தை மத்தளக்காரர். கால் பிழைத்தவன் முகத்தில் எத்தனை பாவம் காட்டினாலும் அவர் பாராட்டமாட்டார். அந்தக் கண்டிப்பு என்னிடமும் உண்டு. இந்தத் துரியோதனனை அவர் பார்த்திருக்க வேண்டும் என்று மனம் ஏங்கியது. மகன் இலக்கணகுமாரன் அபிமன்னன் கையில் விழும் கட்டத்தில் அவர் எங்கள் பக்கத்துக்கு முதுகு காட்டி நின்றார். ஆட்டம் நின்றது. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் மத்தளத்தை நிறுத்தினார். உடுப்புக்குள் அந்தத் தோள்கள் மெல்லத் தாழ்ந்ததை மட்டுமே கண்டோம். அதன்பின் எழுந்த விருத்தத்தில் அரசனின் ஆணவம் ஒரு துளியும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனின் குரல் மட்டுமே இருந்தது.

அபிமன்னனாக ஆடிய இளைஞரிடம் குரலும் உண்டு, காலும் உண்டு. ஆனால் முன்பாதி முழுவதும் அதிதிகளின் கதிரைகள் போடப்பட்டிருந்த பக்கத்தையே பார்த்து ஆடினார். கைத்தொலைபேசிகள் நீண்டிருந்ததும் அந்தப் பக்கத்தில்தான். எதிர்ப்புறம் மணலில் பாய் விரித்திருந்த முதியவர்களுக்குக் கிடைத்தது முடியின் பின்புறம். மனைவி உத்தரையிடம் விடைபெறும் தருப் பாட்டை அவர் உருகிப் பாடினார். பாதிச் சனத்துக்கு அந்த உருக்கம் போய்ச் சேரவில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனபோது, ஒரு பக்கம் மட்டுமே பார்வையாளர் இருக்கும் அரங்குக்கு ஏற்ப அதைச் செப்பனிட வேண்டியிருந்தது. கூத்துக்கு நாடெங்கும் மதிப்புத் தேடித்தந்த பெரும்பணி அது. ஊர்க் களரிக்கு அந்தத் தேவை கிடையாது. இங்கே வட்டம்தான் பலம்.

சக்கரவியூகம் அமைந்ததும் அதே இளைஞர் வேறொருவராக மாறினார். கௌரவ வீரர்கள் சுற்றி வளைத்து ஆடுகிறார்கள். அவர்களுக்கு வெளியே நாங்கள் இன்னொரு வளையமாக இருக்கிறோம். நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியாரும் அபிமன்னனும். உள்ளே நுழையத் தெரிந்து, வெளியேறத் தெரியாத பிள்ளை அவன். ஒவ்வொரு திசையாக ஓடி, ஒவ்வொரு திசையிலும் தடுக்கப்பட்டுத் திரும்பினான். ஒருமுறை எங்கள் பக்கமாக வந்து என்னை நேராகப் பார்த்தான். அடைத்து நிற்பவர்களில் நானும் ஒருத்தி என்று பட்டு நெஞ்சு பதறியது. மத்தளம் விரைய விரைய அவன் காலும் விரைந்தது. அப்போது கதிரை எந்தப் பக்கம் என்ற நினைவே அந்த இளைஞருக்கு இருந்திருக்காது.

சயந்திரதனாக (ஜயத்ரதன்) ஆடியவருக்குப் பாட்டு இரண்டு இடங்களில் மறந்துவிட்டது. அண்ணாவியார் ஏட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இதை யாரும் குறையாகச் சொல்ல வேண்டாம். ஆளுக்குரிய பாட்டை எழுதிச் சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை கட்டி, அடுக்குப் பார்க்கும் ஒத்திகை நடத்தி, அரங்கேற்றம் வரை பிள்ளைகளைக் கொண்டுவருவது எத்தனை பெரிய உழைப்பு! அரசர் வரவை அறிவித்துச் சிரிப்பும் காட்டும் கட்டியக்காரன் சினிமாப் பகிடிகளை நுழைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஊர்ப் பேச்சிலேயே அவனுக்கு வேண்டிய பகிடி நிறைய இருக்கிறது.

அபிமன்னனின் தாய் சுபத்திரையாக ஆடியவர் ஓர் ஆண். கண்ணைக் கசக்கவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. புலம்பலைப் பாடியபடி களரியை மெதுவாகச் சுற்றி வந்தார். ஒவ்வொரு பக்கத்தையும் கடக்கும்போது அந்தப் பக்கத்துப் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். ஆனால் கன்னத்தில் ஒட்டியிருந்த மைக் அவரைப் பாடாய்ப் படுத்தியது. உச்சத்துக்குப் போன இடமெல்லாம் ஒலிபெருக்கி இரைந்தது. ஆள் ஒரு திசையில் நிற்க, குரல் இன்னொரு திசையிலிருந்து வந்தது. அந்தக் களரிக்கு மைக்கே தேவையில்லை. பிற்பாட்டுக்காரர் நால்வரின் குரல் தெருவரை கேட்டது.

பேச்சுகளும் பொன்னாடைகளும் முடிந்து கூத்துத் தொடங்கவே நள்ளிரவு நெருங்கிவிட்டது. அதனால் துரோணரின் பகுதி வெட்டுப்பட்டது. அதைப் பயின்றவர் உடுப்போடு காத்திருந்தார். அடுத்த முறை பேச்சுகளை வெட்டுங்கள்.

டிக்கெட் இல்லை. விடியும்வரை பஸ்ஸும் இல்லை. திரும்புவதற்கு வாகனம் பார்த்து வையுங்கள். பாயும் போர்வையும் கொண்டுபோங்கள். கச்சானும் தேநீரும் அங்கேயே கிடைக்கும். கதிரை தந்தாலும் வாங்காமல், அதற்கு எதிர்ப்புறம் மணலில் போய் இருங்கள். துரியோதனனின் முதுகு அங்கிருந்துதான் தெரியும்.