மலேரியா கொசுவலைக்கு காசு சேர்த்துக் குடுக்க எந்த இடம் நல்லது? அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன் பத்தி என் ரிவ்யூ

பிறந்தநாளுக்கு கிஃப்ட் எதுவும் வேணாம், அந்தக் காசை ஆப்பிரிக்கால குழந்தைங்களுக்கு கொசுவலை வாங்க குடுங்கன்னு சொந்தக்காரங்க, ஆஃபீஸ்காரங்ககிட்ட கேக்கலாம்னு இருக்கறவங்களுக்காக இதை எழுதறேன். நான் லண்டன்ல இருந்து அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன் மூலமாத்தான் சேர்த்தேன், சுருக்கமா ஏஎம்எஃப்னு சொல்வாங்க. அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுப்பேன், ஏன்னு சொல்றேன், ரெண்டு மூணு விஷயம் முன்னாடியே தெரிஞ்சுக்கறதும் நல்லது அதையும் சொல்லிடறேன்.

முதல்ல ஏன் வலை. 2023ல மட்டும் உலகத்துல மலேரியால செத்தவங்க சுமார் 5,97,000 பேர்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல 95 சதவீதம் ஆப்பிரிக்கா, அங்க செத்ததுல நாலுல மூணு பேர் அஞ்சு வயசு கூட ஆகாத குழந்தைங்க. பெரியவங்களுக்கு திரும்பத் திரும்ப காய்ச்சல் வந்து வந்து ஒடம்பு ஓரளவு பழகியிருக்கும், கைக்குழந்தைக்கு அது இருக்காது, காலைல லேசா சுடுற ஒடம்பு ஒண்ணு ரெண்டு நாள்ல மூளைக் காய்ச்சலா மாறி வலிப்பு வந்துடும். மலேரியாவைப் பரப்பற அனாஃபிலிஸ் கொசு கடிக்கறது பெரும்பாலும் ராத்திரி எல்லாரும் தூங்கறப்ப, வீட்டுக்குள்ள. அதனாலதான் படுக்கைக்கு மேல ஒரு மருந்து வலை, அதாவது கொசுவைக் கொல்ற மருந்து சேர்த்த வலை, தொங்கறது இவ்வளவு பலன் குடுக்குது. 2000ல இருந்து 2015 வரைக்கும் ஆப்பிரிக்கால 66 கோடிக்கு மேல மலேரியா கேஸ் தடுக்கப்பட்டிருக்கு, அதுல மூணுல ரெண்டு பங்கு வலையாலதான்னு 2015ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. நமக்கு பக்கத்துலயே இலங்கை 2016ல மலேரியா இல்லாத நாடுன்னு சான்றிதழ் வாங்கிடுச்சு, ஆக இதை ஒழிக்கவே முடியாதுன்னு சொல்ற பேச்சுக்கு இடமே இல்ல.

இப்ப சர்வீஸ். வெப்சைட்ல நம்ம பேர்ல ஒரு பேஜ் தொறக்கலாம், பிறந்தநாளோ மாரத்தானோ எதுக்காக சேர்க்கறோம்னு நாலு வரி எழுதி லிங்க்கை வாட்ஸப்ல போட்டா போதும், யார் எவ்வளவு குடுத்தாங்க எல்லாம் அதுலயே தெரியும். ஒரு வலை சுமார் 2 டாலர், ரெண்டு பேர் அதுக்குள்ள படுக்கலாம், மூணு வருஷம் கிட்ட தாங்கும். இங்க பிரிட்டன்ல வரி கட்டறவங்க கிஃப்ட் எய்ட் பெட்டில டிக் பண்ணா ஒரு பவுண்டுக்கு இன்னொரு 25 பென்ஸ் கவர்மென்ட் சேர்த்துக் குடுக்குது, அதை மறக்காம சொல்லுங்க, நிறைய பேர் பார்க்காம தாண்டிப் போயிடறாங்க. காசு குடுத்த பிறகு அது எந்த நாட்டுல எந்த விநியோகத்துக்கு ஒதுக்கியிருக்காங்கன்னு மெயில் வருது. காங்கோ, உகாண்டா, மலாவி, டோகோ, சாம்பியா, பப்புவா நியூ கினின்னு பல நாடு. என் பேஜ்ல குடுத்த ஒரு ஃப்ரெண்டு அந்த மெயிலைப் பார்த்துட்டு மேப்ல அந்த மாவட்டத்தைத் தேடிப் பிடிச்சு எனக்கு அனுப்பினான், அதுவரைக்கும் அவனுக்கு அப்படி ஒரு ஊரு இருக்குன்னே தெரியாது.

ஆனா எனக்கு இவங்கமேல நம்பிக்கை வந்தது அந்த மெயிலால இல்ல, குடுத்த பிறகு திரும்பிப் போய் பார்க்கறாங்க பாருங்க அதாலதான். வலை குடுக்கறதுக்கு முன்னாடி வீடு வீடா போய் எத்தனை பேர், எத்தனை படுக்கை இடம்னு பதிவு பண்றாங்க. அந்தக் கணக்கு சரியான்னு பார்க்க அஞ்சு சதவீத வீட்டுக்கு வேற ஆளுங்க தனியா மறுபடி போறாங்க, ரெண்டு கணக்கும் ஒத்து வருதான்னு ஒப்பிட்டுப் பார்க்க. வலை குடுத்து பல மாசம் கழிச்சு முன்னறிவிப்பு இல்லாம சில வீட்டுக்குப் போய் வலை கட்டியிருக்கா, கிழிஞ்சிருக்கா, ஓட்டை எத்தனை, எவ்வளவு பெருசுன்னு எழுதிட்டு வர்றாங்க, இதை அப்பப்ப திரும்பச் செய்யறாங்க. அந்த ரிப்போர்ட் எல்லாம் வெப்சைட்லயே கெடக்கு, யாரு வேணா படிக்கலாம், வலை தொங்காத வீடு எவ்வளவுன்னும் அதுலயே இருக்கு, மறைக்கல. நான் இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துக்கு மாசாமாசம் குடுத்துட்டிருந்தேன், இன்னும் கொஞ்சம் ஏத்திக் குடுங்கன்னு போன் மட்டும் தவறாம வரும், குடுத்த காசு எங்க போச்சுன்னு கேட்டா பளபளன்னு ஒரு நோட்டீஸ் வரும், அதுல பதிலே இருக்காது. அதோட ஒப்பிட்டா இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லவே வேணாம்.

இன்னொரு விஷயம், கரூர்க்காரங்களுக்கு இது பிடிக்கும். உலக சுகாதார நிறுவனம் அங்கீகரிச்ச மருந்து வலை செய்யற கம்பெனிங்க நம்ம கரூர்லயே இருக்கு, மேக்நெட், டூராநெட்ங்கற வலை ரெண்டும் அங்க தயாராகறதுதான். பிளாஸ்டிக் குருணையை உருக்கும்போதே மருந்தைக் கலந்து நூலா இழுக்கறாங்க, அதனால மருந்து நூலுக்குள்ளயே இருக்கும், துவைச்சா மேல இருக்கறது போனாலும் உள்ள இருந்து கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துட்டே இருக்கும், 20 துவைப்பு தாங்கணும்ங்கறது கணக்கு. புது வலையைப் பிரிச்ச உடனே கட்டக் கூடாது, ஒரு நாள் நிழல்ல விரிச்சுப் போட்டு காத்தாட விட்டுட்டுத்தான் கட்டணும், இல்லன்னா கண்ணு மூக்கெல்லாம் எரியும், வெயில்ல போட்டா மருந்து வீணாப் போயிடும். எங்க ஊர்ப் பக்கம் கொசுவலை நெய்யற சத்தம் கேட்டே வளர்ந்தவன் நான், அதே வகை வலைக்குள்ள எங்கயோ ஒரு குழந்தை தூங்குதுன்னு நினைச்சா மனசு நெறைஞ்சு போகுது.

பழைய வலைல ஒரு சிக்கலும் உண்டு, அதுல இருக்கற பைரித்ராய்டுங்கற மருந்துக்கு பல இடத்துல கொசு பழகிப் போச்சு, தொட்டாலும் சாகறதில்ல. அதுக்காகத்தான் குளோர்ஃபினாபைர்னு இன்னொரு மருந்தும் சேர்த்த வலை வந்திருக்கு, இது கொசுவோட நரம்பை விட்டுட்டு அது சக்தி உண்டாக்கற இடத்தையே அடிக்குது. தான்சானியால நடந்த சோதனைல சாதா மருந்து வலையோட ஒப்பிட்டா ரெண்டு வருஷத்துல குழந்தைங்களுக்கு மலேரியா 44 சதவீதம் கம்மியா வந்துச்சு, 2022ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல போட்டாங்க, அடுத்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை குடுத்துச்சு. வெலை கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் ஏஎம்எஃப் எங்க எந்த வகை வேணும்னு பார்த்து வாங்கறது எனக்குப் பிடிச்சிருக்கு, வெலை கம்மியா இருக்குன்னு வேலைக்கு ஆகாத வலையை லட்சக்கணக்குல வாங்கி என்ன பிரயோஜனம்.

முன்னாடியே தெரிஞ்சுக்க வேண்டியது, இது சட்டுன்னு முடியற வேலை இல்ல. இன்னைக்கு குடுத்தா நாளைக்கே யாரோ ஒரு குழந்தை வலைக்குள்ள தூங்காது, ஆர்டர் போட்டு நெய்து கப்பல்ல ஏத்தி லாரில கிராமத்துக்குப் போய் சேர ரொம்ப மாசம் ஆகும், நாடு முழுக்க மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பெரிய விநியோகமே நடக்குது. 2013 கடைசில கிவ்வெல், அதான் எந்த அறக்கட்டளைக்கு குடுத்தா அதிக பலன்னு ஆராயற அமைப்பு, ஏஎம்எஃப்கிட்ட செலவாகாத பணம் நிறைய நிக்குதுன்னு பரிந்துரையை கொஞ்ச காலம் நிறுத்தி வெச்சாங்க, பெரிய விநியோகங்கள் முடிவானதும் 2014லயே திரும்ப சேர்த்துக்கிட்டாங்க. அவசரப்பட்டு எங்கயாவது கொட்டறதை விட இது மேல்னுதான் நான் சொல்வேன்.

அப்புறம் நாம குடுக்கற காசு நூத்துக்கு நூறு வலைக்குத்தான் போகுதுன்னு சொல்றாங்க, உண்மைதான், ஆஃபீஸ் செலவை தனியா சில பேர் குடுக்கறாங்க, ஆடிட்டர் வக்கீல் எல்லாம் இலவசமா செஞ்சு தர்றாங்க. ஆனா வலையை ஊர் ஊரா கொண்டு போய் சேர்க்கற செலவை குளோபல் ஃபண்ட் மாதிரி பெரிய அமைப்புங்க ஏத்துக்குது, அது இல்லன்னா நம்ம வலை குடோன்லதான் கிடக்கும். 2025 ஆரம்பத்துல அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டினப்ப மலேரியா திட்டங்களும் பலமா அடி வாங்குச்சு, அதனால இப்ப குடுக்கறதுக்கு இன்னும் தேவை இருக்கு.

காசு கேக்கறப்ப என்னென்ன கேள்வி வரும்னும் சொல்லிடறேன். எங்க பெரியப்பா, "ஏன் கண்ணு, நம்மூர்ல இல்லாத கஷ்டமா, எதுக்கு அங்க அனுப்பற?"ன்னு கேட்டார். பெரியப்பா, நம்மூர்ல மலேரியா ரொம்ப கொறைஞ்சு போச்சுங்க, அங்க இன்னும் தெருவுக்குத் தெரு இருக்குதுங்க, ஒரே 200 ரூவா அங்க ஒரு வலை ஆகுதுங்கன்னு சொன்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு பத்து வலைக்கு குடுத்தார். அந்த வலையை வெச்சு மீன் பிடிக்கறாங்களாமேன்னு ஒரு அக்கா கேட்டாங்க. ஏரிக்கரை ஊர்ங்க சிலதுல அது நடக்குது, இல்லன்னு சொல்லக் கூடாது, பெரும்பாலும் பழைய கிழிஞ்ச வலை, மொத்தத்துல சின்ன பங்குதான், தொங்குதான்னு போய் பார்க்கறதே அதை கண்டுபிடிக்கவும்தான்னு சொன்னா புரிஞ்சுக்கறாங்க. ஒரு வலையால ஒரு உயிர் பொழைக்கும்னு மட்டும் யாருக்கும் எழுதாதீங்க, கிவ்வெல் கணக்குப்படியே ஒரு உயிருக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகுது, நூத்துக்கணக்கான குழந்தைங்க வலைக்குள்ள தூங்கறதுல ஒரு உயிர் மிஞ்சுது, மத்ததுங்களுக்கு காய்ச்சல் கொறையுது, ஸ்கூலுக்குப் போகுது.

இந்தியால இருந்து குடுக்கறவங்களுக்கு 80ஜி வரிவிலக்கு கிடைக்காது, வெளிநாட்டு அறக்கட்டளைங்கறதால பேங்க்ல ரூல்ஸ் கேட்டுட்டு அனுப்புங்க. பிரிட்டன், அமெரிக்கால இருக்கற நம்மாளுங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல, ரெண்டு நாட்டுலயும் பதிவு பண்ணியிருக்காங்க. மெசேஜ் அனுப்பறப்ப "உங்களால முடிஞ்சதைக் குடுங்க"ன்னு போடாம "அஞ்சு வலை வாங்கித் தர்றீங்களா"ன்னு எண்ணிக்கை சொல்லிக் கேளுங்க, எனக்கு அதுலதான் நிறைய வந்துச்சு, அதோட குரூப்ல போடறதை விட ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அனுப்புங்க.